கிணற்றைச் சுற்றிப் போனவன்

எங்கள் கல்லூரியின் கூடைப்பந்துத் தளத்தில் ஒரு கிணறு இருந்தது. நீர்க் கிணறு அன்று. தெற்கு வளையத்துக்கு எதிரே, சற்று இடப்புறமாக, ஒரு பாயை விரிக்கும் அளவுக்குச் சிமெண்டுத் தரை அடிமண்ணை விட்டுப் பிரிந்து பள்ளமாகக் கிடந்தது. அவ்விடத்தில் பந்தைத் தட்டினால் ‘தொப்’ என்று ஓர் ஓசை எழும். பந்து முழங்காலுக்கு மேல் எழாது. அதற்குத்தான் கிணறு என்று பெயர். அங்கிருந்து பக்கக்கோடு வரை நீண்டு கிடந்த வெடிப்பு வாய்க்கால். வடக்கு வளையத்தின் அருகே தரை புடைத்திருந்த இடம் மேடு. இப்பெயர்களை இட்டவர்கள் எங்களுக்கு முன்னால் ஆடிச் சென்ற மாணவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற கோப்பை என்று எதுவும் இல்லை. இந்த மூன்று பெயர்கள்தாம் இருந்தன.

கரிசல் மண் தன்மேல் கிடப்பதைச் சும்மா இருக்க விடாது. ஐப்பசி மழையில் உப்பித் தரையைத் தூக்கும். பங்குனி வெயிலில் சுருங்கிக் காலை வாரிவிடும். வீடு கட்டுகிறவர்கள் அம்மண்ணை ஆழத் தோண்டி அகற்றி, ஆற்றுமணலை நிரப்பிய பிறகே அடித்தளம் போடுவார்கள். ஒரு விளையாட்டுத் தளத்துக்காக அவ்வளவு பாடுபட எவருக்கும் மனம் இல்லை. அதிலும் கூடைப்பந்துக்கு அறவே இல்லை. கோவில்பட்டியில் ஆட்டம் என்றால் ஹாக்கி. தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் மிதிவண்டியை வேலியில் சாய்த்துவிட்டு இருட்டும் வரை பார்த்து நிற்பது ஹாக்கியைத்தான். அந்த அணியில் இடம் கிடைக்காதவர்களும், மட்டைக்கு வழி இல்லாதவர்களும் கூடைப்பந்துக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் ஆடும்போது வேலியில் ஆடுதான் சாய்ந்து நிற்கும்.

புதிதாகச் சேரும் மாணவனை மூத்தவர்கள் கிணற்றின் நடுவே நிறுத்தி, பந்தைக் கையில் கொடுத்து, தட்டு என்பார்கள். அவன் தட்டுவான். பந்து செத்துக் கிடக்கும். சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு அவன் அணியில் சேர்ந்தவன் ஆகிவிடுவான். மூன்றாம் ஆண்டு முடிவில், சொந்தத் தளத்தில் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்ததும், விடைபெறும் மூத்தவர்கள் மீண்டும் அதே இடத்துக்குப் போய் ஆளுக்கொரு முறை தட்டுவார்கள். அப்போது இளையவர்கள் சிரிக்க வேண்டும். இதுதான் எங்கள் மரபு. வேறு எந்த ஊரிலும் இப்படியொரு மரபு இருந்திருக்க முடியாது. வேறு எந்த ஊரும் இப்படியொரு தரையில் பிள்ளைகளை ஆட விட்டிருக்காது.

நான் சொல்ல வருவது எங்கள் அணித்தலைவனைப் பற்றி. கடம்பூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரிலிருந்து வந்தவன். அறுவடை முடிந்த கரிசல் வயல்களில் உரத்துக்காகச் செம்மறிக் கிடை போடும் குடும்பம் அவனுடையது. ஒல்லியான உடம்பு, நின்ற நிலையிலிருந்து எந்தப் பக்கம் பாய்வான் என்று எவராலும் சொல்ல முடியாது. எதிரணிக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு வருகையில், இவன் அவனை மறிக்க மாட்டான். வலப்புறமாக நெருங்கி, ஆட்டை ஒதுக்குவது போல மெல்ல ஒதுக்கிக்கொண்டே வருவான். ஒதுங்குகிறவனுக்குத் தான் ஒதுக்கப்படுவது தெரியாது. கிணற்றில் பந்து விழுந்து அமுங்கும். கீழே விழுந்த துண்டை எடுப்பது போல இவன் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான். வெளியூர் அணிகள் எங்கள் தளத்தை ஏசாமல் திரும்பியதே இல்லை.

தான் பந்தோடு போகும்போதோ கிணற்றை ஒரு வளைவாகச் சுற்றிப் போவான். வாய்க்காலை ஓர் எட்டில் தாண்டுவான். மேட்டுக்கு முன்னால் அரை அடி ஒதுங்குவான். குனிந்து பார்த்ததே இல்லை. மூன்று ஆண்டுகளில் அவன் கால்கள் அத்தரையை மனப்பாடம் செய்திருந்தன. என் கால்களுக்கு அந்தத் தேர்ச்சி வாய்க்கவில்லை. இரண்டாம் ஆண்டில் வாய்க்காலில் பாதம் சிக்கிக் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு மாற்று ஆட்டக்காரனாக நீள்பலகையில் உட்காரும் இடம்தான் எனக்குக் கிடைத்தது. தரையைச் சீர்செய்யும்படி உடற்கல்வி ஆசிரியரிடம் ஆண்டுதோறும் கேட்டோம். ஆண்டுதோறும் அவர், ஆகட்டும் பார்க்கலாம் என்றார். அவர் தீயவர் அல்லர். மேலே உள்ளவர்களுக்கு வருத்தம் தரும் எதையும் வாய் திறந்து சொல்லாதவர், அவ்வளவுதான்.

மூன்றாம் ஆண்டின் மாசி மாதத்தில் எங்கள் கடைசி ஆட்டம் வந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் அணி ஆண்டுதோறும் ஒருமுறை எங்கள் தளத்துக்கு வந்து ஆடும். அவ்வாட்டத்தோடு எங்கள் மூத்தவர்களுக்குத் துண்டு போர்த்தி விடைகொடுப்பார்கள். அவ்வாண்டு மேலும் ஒன்று சேர்ந்துகொண்டது. இரயில்வே அணிக்கு ஆள் பார்க்கும் அதிகாரி ஒருவர் அவ்வழியே போகிறவர், இறங்கி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மாலை வண்டியில் திரும்புவார் என்று செய்தி வந்தது. அவர் ஒரு சொல் சொன்னால் திருச்சியில் நடக்கும் தேர்வுக்கு அழைப்பு வரும். அவர் பார்க்கப்போவது எங்கள் எல்லோரையும் அல்ல, அணித்தலைவனை மட்டுமே என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறாமை இருந்ததா என்றால், எனக்கு இல்லை. ஒருவனாவது இங்கிருந்து வெளியேறட்டும் என்ற எண்ணமே இருந்தது.

இரயில்வே அணியில் சேர்ந்தால் கிடைக்கும் வேலைக்காக மட்டும் அவன் அதை விரும்பவில்லை. ஒருநாள் அந்தியில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: “பரிச்சை முடிஞ்சா நமக்குப் பந்தும் முடிஞ்சிரும்லே. நீங்கள்லாம் வேற சோலிக்குப் போயிருவீய. எனக்கு முடியக் கூடாது. மரத் தரையில ஆடணும். பலகை போட்டு எண்ண தேச்ச மாதிரி இருக்குமாம்லா.”

மரத் தரையை எங்களில் எவரும் கண்டதில்லை. ஆனால் நல்ல தரையில்தான் தன் ஆட்டத்தை அந்த அதிகாரி பார்க்க வேண்டும் என்று அவன் விரும்பினான். ஆகவே உடற்கல்வி ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு கல்லூரிச் செயலரிடம் போனவன் அவனேதான். செயலர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் உரிமையாளர். ஊரில் அவரை முதலாளி என்றே சொல்வோம். மாணவர்கள் மூன்று ஆண்டுகள் கேட்டும் கிடைக்காதது, வெளியூர் அதிகாரி வருகிறார் என்ற ஒரே சொல்லில் கிடைத்தது. கொத்தனார்கள் வந்தார்கள். கிணற்றை உடைத்துக் கல்லும் சிமெண்டும் இட்டு நிரப்பினார்கள். வாய்க்காலைப் பூசி அடைத்தார்கள். மேட்டைச் செதுக்கினார்கள். எல்லாவற்றின்மேலும் ஒரு பூச்சு. அதன்மேல் நனைந்த சாக்குகள். சாக்குகளை எடுத்த பிறகு செங்காவி வண்ணம். குடிநீருக்கே ஊர் குடத்தோடு காத்துநின்ற அந்நாள்களில் சாக்குகளை நனைக்கத் தண்ணீர் வண்டி வந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தபோது எங்களுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள் அணித்தலைவன் உடற்கல்வி ஆசிரியரிடம் போய் நின்றான்.

“ஒரு அந்தி ஆடிப் பாத்துக்கிடுதோம், சார். தரை புதுசு. காலு பழகணும்லா.”

“முதலாளி வந்து நாடா வெட்டணும்லே. அதுக்கு முன்னால ஒரு தடம் கெடந்துச்சுன்னா நாடாவ விட்டுட்டு என்னைய வெட்டிப்போடுவாவ.”

“வெறுங்காலோட ஆடுதோம், சார்.”

“வெறுங்காலுக்குத் தடம் கெடையாதாலே? போ, போய்ப் படி.”

எனவே எங்கள் தளத்தில் எங்கள் கடைசி ஆட்டத்துக்கு, அதற்குமுன் ஒருமுறையும் மிதித்திராத தரையில் இறங்கினோம்.

மறுநாள் நான்கு மணிக்கு ஆட்டம் என்று சொல்லியிருந்தார்கள். இரயில்வே அதிகாரி உரிய நேரத்துக்கு வந்துவிட்டார். தலை நரைத்து, உடம்பு தளராத மனிதர். வந்தவுடன் வளையத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். செயலர் வரவில்லை. ஆட்டக்காரர்கள் இரு அணியினரும் நாடாவுக்கு வெளியே நின்று குதித்துக்கொண்டிருந்தோம். பாளையங்கோட்டை அணியினர் எங்கள் தரையை முந்திய ஆண்டே பட்டு அறிந்தவர்கள். அவர்கள் தலைவன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கெணத்தத் தூத்துட்டீயளா? எங்களுக்காகவா? ரொம்ப உபகாரம்” என்றான். அவர்கள் சிரித்தார்கள். எங்கள் அணித்தலைவன் சிரிக்கவில்லை. நாடாவுக்கு மேலே குனிந்து தெற்கு வளையத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்ப்பதற்கு எதுவும் இல்லை. எங்கும் ஒரே சிவப்பு.

ஐந்து மணி கடந்த பின் செயலரின் மகிழுந்து வந்தது. நாடா வெட்டப்பட்டது. எங்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். பிறகு செயலர் பேசினார். இந்த மண்ணின் பெருமையைப் பற்றிப் பேசினார். அப்பெருமை முழுவதும் ஹாக்கியாக இருந்தது. எங்களை ஒருமுறை ‘பந்தாட்ட வீரர்கள்’ என்று குறிப்பிட்டார். வந்திருந்தவரை ‘இரயில்வே அதிகாரி அவர்கள்’ என்று மட்டும் சொன்னார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை போலும். அதிகாரி இருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிழல் தளத்தின் பாதியை மூடிய பிறகே ஊதல் ஒலித்தது.

முதல் ஐந்து நிமிடங்களிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. எதிரணிக்காரன் பந்தோடு வந்தான். எங்கள் அணித்தலைவன் வழக்கம்போல வலப்புறமாக நெருங்கி, அவனை மெல்ல மெல்ல ஒதுக்கினான். எல்லாம் சரியாக நடந்தது. எதிரணிக்காரன் சரியாகக் கிணறு இருந்த இடத்துக்கு வந்து பந்தைத் தட்டினான். பந்து துள்ளி அவன் கைக்கே போயிற்று. முன்னால் மறிக்க ஆளில்லை. கிணறு பார்த்துக்கொள்ளும் என்று நாங்கள் அவ்விடத்தில் ஆளை நிறுத்தும் வழக்கமே இல்லை. அவன் நிதானமாக வளையத்தில் போட்டான். சற்று நேரத்தில் மீண்டும் அதுவே நடந்தது. மூன்றாம் முறை அணித்தலைவன் தன்னை அடக்கிக்கொண்டு நேருக்கு நேர் மறித்தான். தடுப்பதைத் திருத்திக்கொள்ள முடிந்தது. ஓட்டத்தைத் திருத்திக்கொள்ள முடியவில்லை. பந்து கைக்கு வந்ததும் கால்கள் தாமாக வளைந்தன. யாருமற்ற வெற்றிடத்தைச் சுற்றிப் போனான். இல்லாத வெடிப்பைத் தாண்டினான். அந்த அரை நொடிக்குள் எதிரணியினர் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

நான் உட்கார்ந்திருந்த நீள்பலகைக்கு அடுத்தே விருந்தினர் நாற்காலிகள் இருந்தன. செயலர், அதிகாரி, உடற்கல்வி ஆசிரியர் மூவரும் வரிசையாக இருந்தார்கள். முதற்பாதி முடியும் தறுவாயில் அதிகாரி உடற்கல்வி ஆசிரியர் பக்கம் சாய்ந்தார்.

“பையன் நல்ல வேகம். கையும் சுத்தமா இருக்கு. ஆனா ஏன் நேரா போக மாட்டேங்கிறான்? யாருமே இல்லாத எடத்தச் சுத்திட்டுப் போறானே.”

உடற்கல்வி ஆசிரியர் செயலரின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அது அவன் பழக்கம், சார்.”

பொய் என்று அதைச் சொல்ல முடியாது. ஒருவனுடைய வாழ்வை முடித்துவைப்பதற்குப் பொய்யே வேண்டும் என்பதில்லை.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெரியவர்கள் பேசுகையில் குறுக்கே பேசும் பழக்கம் எனக்கு இல்லை, அன்று பேசினேன். “சார், அங்கன பள்ளம் இருந்திச்சு, சார். மூணு வருசமா அதச் சுத்தித்தான் ஆடுனோம். போன வாரந்தான் அடைச்சாவ.”

அதிகாரி என்னைப் பார்த்தார். எள்ளி நகையாடும் பார்வை அன்று. மெய்யாகவே அறிய விரும்பிய பார்வை. தளத்தைப் பார்த்தார். செங்காவித் தரை ஒரு கீறலும் இன்றி மின்னியது.

“எங்கப்பா பள்ளம்?”

நான் விரலை நீட்டினேன். நீட்டிய இடத்தில் பாளையங்கோட்டை ஆட்டக்காரன் ஒருவன் பந்தை மும்முறை தட்டி நின்றான். மும்முறையும் பந்து இடுப்புவரை எழுந்தது.

செயலர் சிரித்தார். “நம்ம காலேசுல பள்ளமா? பழைய தரைக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கோம், அவ்வளவுதான் சார். தம்பி பெஞ்சிலேயே ஒக்காந்து கனாக் கண்டிருக்கான் போல.”

“ஒக்காருலே” என்றார் உடற்கல்வி ஆசிரியர். குரலில் சினம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. என்னிடம் கெஞ்சிய அந்தக் குரலால் அதிகாரியிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

இடைவேளையில் அதிகாரி எழுந்தார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றார். நான்கு மணிக்குத் தொடங்கியிருந்தால் ஆட்டம் அதற்குள் முடிந்திருக்கும். போகும்போது எங்கள் அணித்தலைவனின் தோளைத் தட்டி, “நல்லா ஆடுறே தம்பி. நேரா போகப் பழகு” என்றார். செயலரின் மகிழுந்து அவரை ஏற்றிக்கொண்டு நிலையத்தை நோக்கிப் போயிற்று. எழுப்பிய தூசி அடங்கும் வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு என்னிடம் வந்தான்.

“என்னலே சொல்லிட்டுப் போறாரு? நேரான்னா?”

நடந்ததைச் சொன்னேன். உடற்கல்வி ஆசிரியர் சொன்னதையும், நான் சொன்னதையும், செயலர் சிரித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் குனிந்து, காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான். என் கணுக்காலைப் பார்த்தான்.

“மூணு வருசம் நேரா போயிருந்தேம்னா என் காலும் ஒன் காலு மாதிரில்லாலே ஆயிருக்கும்.”

இரண்டாம் பாதியில் அவன் நேராகப் போனான். கைக்குப் பந்து வந்தபோதெல்லாம் கிணற்றின் நடுவில் மிதித்தே உள்ளே போனான். வேறு வழி திறந்திருந்த நேரத்திலும் அவ்வழியேதான் போனான். ஒவ்வொரு முறையும் இடக்காலை அங்கே ஓங்கி ஊன்றினான். அந்த ஓசை நீள்பலகைவரை கேட்டது. எதிரணியினர் அவனை நிறுத்த முடியாமல் திணறினார்கள். மாணவர் விடுதியிலிருந்து இரண்டு குழல்விளக்குகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். அந்த மங்கலில், விருந்தினர் நாற்காலிகள் காலியாகிவிட்ட பிறகு, நான் பார்த்த ஆட்டங்களிலேயே மிகச் சிறந்த ஆட்டத்தை அவன் ஆடினான். வென்றோம். பாளையங்கோட்டை அணியின் தலைவன் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இத மொதல்லயே ஆடிருக்கலாம்லா மாப்ள” என்றான். நல்ல மனத்தோடுதான் சொன்னான்.

பிறகு மரபு மிச்சம் இருந்தது. இளையவர்கள் தெற்கு வளையத்தருகே வட்டமாக நின்றுவிட்டார்கள். மூத்தவர்கள் ஐவரும் போனோம். முதலில் அணித்தலைவன் தட்டினான். பந்து எழுந்து அவன் கைக்கு வந்தது. சிரிக்கக் காத்திருந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் இன்னும் வலுவாக அறைந்தான். அது இன்னும் உயரமாக எழுந்தது. பந்தை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டான். நாங்கள் நால்வரும் தட்டினோம். பந்து நான்கு முறையும் எழுந்தது. எவரும் சிரிக்கவில்லை. கடம்பூர்ப் போளியை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். அவன் தன் பங்கை வேலிக்கு அப்பால் நின்ற ஆட்டுக்குட்டிக்குப் போட்டான்.

திருச்சியிலிருந்து அழைப்பு வரவில்லை. அதிகாரிக்கு உண்மையை எழுதச் சொல்லி உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டேன். ஆகட்டும் பார்க்கலாம் என்றார்.

ஒன்றரை ஆண்டுகள் கழித்துப் பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். இடையில் வந்தது ஒரே ஒரு மழைக்காலம். தளத்தின் முகப்பில் செயலரின் பெயர் பொறித்த கல் நட்டிருந்தார்கள். அது மட்டும் வெடிக்காமல் நின்றது. தெற்கு வளையத்தின் முன்னால் செங்காவி உரிந்து, தரை பிளந்து, பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு அறிமுகமில்லாத மாணவன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். அதைச் சுற்றி வளைந்து, உள்ளே போய், வளையத்தில் போட்டான். அழகாகத்தான் வளைந்தான்.

அந்த மாதமே புதியம்புத்தூருக்குப் போய் எங்கள் அணித்தலைவனைப் பார்த்தேன். ஆயத்த ஆடை தைக்கும் கூடம் ஒன்றில் துணி வெட்டும் வேலையில் இருந்தான். அடுக்கிய துணிமேல் அட்டை மாதிரியை வைத்து, சாக்குக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். சட்டையின் கைக்குழியை வெட்டும் இடத்தைக் காட்டி, “இங்கன வளைஞ்சு போனாத்தான் சோறு” என்றான். பந்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை. நானும் சொல்லக்கூடாது என்றே வந்திருந்தேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

“கெணறு மறுபடி விழுந்திட்டுலே.”

சாக்குக்கட்டி நின்றது. “அதே எடமா?”

“அதே எடந்தான்.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்பம் அந்த ஆளப் போய்க் கூட்டிட்டு வா. எங்கப்பா பள்ளம்னு ஒங்கிட்டத்தான கேட்டாரு.”

நிறுத்திய இடத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தான். நான் அங்கேயே நின்றேன். அந்த மனிதரை எங்கே போய்த் தேடுவது? அவருடைய பெயர்கூட எங்கள் இருவருக்கும் தெரியாது.